ஹெட்செட்டில் பாட்டு இல்லை

வேலைக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். வயது 38. அந்த ரூட் தனியார் பஸ்ஸில் ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே குத்துப்பாட்டு, வெளியே ஏர்ஹாரன். காதில் பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூன்றாவது ஜன்னல் சீட்டில் உட்காருவேன். போன மாதம் பக்கத்திலிருந்த பெரியவர், "என்ன பாட்டு தம்பி?" என்றார்.

"பாட்டு இல்லைங்கய்யா. சத்தம் தாங்காது, அதான். எனக்கு ஆட்டிசம்."

வெளி ஆளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "அது கொழந்தைங்களுக்கு வர்றதாச்சே?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷம் முன்பு ஒரு டாக்டரே, "கண்ணைப் பாத்து நல்லாத்தானே பேசறீங்க, கல்யாணம் வேற ஆயிருக்கு" என்றார். நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. புருவ மத்தியில், பொட்டு வைக்கிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலேஜ் முடித்து இன்டர்வியூவுக்கு அலைந்தபோது நானே கண்டுபிடித்த வித்தை. அப்படிப் பார்த்துக்கொண்டே எதிராளி சொல்வதையும் கேட்பது, ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டு இன்னொரு கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அடுத்துப் பார்த்த உளவியலாளர் அம்மாவையும் கூட்டி வரச் சொன்னார். அம்மா பெருமையாகத்தான் ஆரம்பித்தார். "நாலு வயசுலயே அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடைன்னு பஸ் ஸ்டாப் ஒண்ணு விடாம சொல்லுவான் சார். நடுவுல யாராச்சும் பேசினா மறுபடி அரியாங்குப்பத்துலேர்ந்து வருவான்." அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆட்டிசத்தை அளக்கும் ஐசா என்ற அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. எனக்கு 'லேசான' நிலை என்று வந்தது. லேசு யாருக்கு என்பது வேறு விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை வாங்கலாம் என்றார்கள். விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. ஆபீஸில் மட்டும், வேலையை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டேன். பொட்டைப் பார்க்கிற வேலையையும் விட்டாயிற்று. லீவு நாளில் முதல் பஸ் பிடித்து புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து நடந்தால் அலைச் சத்தம் மட்டும்தான். அது ஏனோ எனக்கு உறுத்துவதே இல்லை.

பெரியவர் தவளக்குப்பத்தில் இறங்கும்போது கண்டக்டரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பாட்டு குறையவில்லை.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு: நான் திருப்பாதிரிப்புலியூர், வயது 29. எனக்குச் சத்தம் பரவாயில்லை, தொடுவதுதான் ஆகாது. கல்யாண வீட்டில் ஜரிகை இடுப்பை அறுக்கும், அது போதாதென்று வருகிறவர்களெல்லாம் கன்னத்தைப் பிடிப்பார்கள். விலகினால் திமிர் பிடித்தவள். போன தையில் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "தொட்டா எனக்கு நெருப்பு பட்ட மாதிரி இருக்கு அத்தை, பொறந்ததிலேர்ந்தே அப்படித்தான், உங்க மேல கோவம் இல்ல" என்றேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார். இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தால் ரெண்டு முழம் தள்ளி நின்றுதான் திட்டுகிறார்.