கன்னுக்குட்டிக்குத் தொப்புள்ல குடலிறக்கம்: நூல் கட்டலாமா, ஆபரேஷன்தானா?

கேள்வி (எலகங்கா, பெங்களூரு):
எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினக் கிடேரிக் கன்னு, மூணு மாசம், சுமார் 70 கிலோ. தொப்புள்ல எலுமிச்சை அளவு இருந்த வீக்கம் இப்போ சாத்துக்குடி அளவு ஆயிடுச்சு. அழுத்தினா உள்ளே போகுது, விட்டா திரும்ப இறங்குது. பால் நல்லா குடிக்குது. அடியில நூல் இறுக்கிக் கட்டினா காஞ்சு விழுந்துடும்னு பக்கத்துல சொல்றாங்க. கட்டலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம்ணா. பையில குடல் மடிப்பு சிக்கியிருந்தா அதுவும் சேர்ந்து அழுகிடும். வீக்கத்தோட அளவை விடுங்க, ஓட்டையைப் பாருங்க. கன்னை மல்லாத்திப் பிடிச்சு, பையை உள்ளே தள்ளி விரலை விட்டா விளிம்பு வளையமாத் தட்டும். ரெண்டு விரல்னா காத்திருக்கலாம். மூணு விரலுக்கு மேல போச்சுன்னா, அதுவும் வளர்ந்துட்டே வந்தா, தானா மூடுறது கஷ்டம்.

கேள்வி கேட்டவர்:
மூணு விரல் தாராளமா போகுது. உள்ளே பென்சில் மாதிரி கெட்டியா ஏதோ தட்டுது.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
அந்தப் பென்சில்தான் முக்கியம். தலைப்பக்கம் ஓடினா ஈரலுக்குப் போற நாளம், பின்பக்கம் ஓடினா மூத்திரப்பைப் பக்கம் போற குழாய் பழுத்திருக்கலாம். ஊசியால குத்திப் பார்க்காதீங்க. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் கேளுங்க. சீழ் இல்லேன்னா பையைத் திறக்காமலே உள்ளே தள்ளி ஓட்டையைத் தைச்சுடலாம். இருந்தா, திறந்து அந்தக் குழாயை முழுசா எடுத்தாகணும். மிச்சம் வச்சா தையல் சீழ் பிடிச்சுப் பிரியும்.

ஆபரேஷனுக்கு 18–24 மணி நேரம் முன்னாடியே புல், தீவனத்தை நிறுத்துங்க. அன்னிக்குக் காலைப் பாலும் வேண்டாம். வயிறு நிறைஞ்சு மல்லாந்து படுத்தா உப்பும், எதுக்களிச்சது நுரையீரலுக்குள்ள போயிடும். மயக்கத்துக்குப் போடுற சைலசின் ஊசி, கன்னோட எடையில கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாட்டுக்குக் குதிரை அளவுல பத்துல ஒரு பங்கே போதும். அந்த இடத்தை மரக்கடிக்கிற 2 சதவீத லிக்னோகெயின் ஊசி இந்த எடைக்கு 17 மில்லிக்குள்ள நிக்கணும். மரக்கடிக்க வேண்டிய பரப்பு அதிகம்னா சலைன் பாதிக்குப் பாதி கலந்துக்கலாம்.

தையல் வளையத்தோட வெள்ளையான கெட்டி விளிம்புல, ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி விழணும். பையோட மெல்லிய சவ்வுல போட்டா கிழிஞ்சுடும். கேட்கட் (குடல்ல இருந்து செய்யுற, கரையுற நூல்) சீக்கிரம் வலு இழந்துடும், மறுபடி இறங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். மெதுவாக் கரையுற தடிச்ச நூல் கேளுங்க.

கேள்வி கேட்டவர்:
வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்யணும் டாக்டர்?

பதில் 2:
ரெண்டு வாரம் தனியாக் கட்டுங்க, துள்ள விடாதீங்க. பாலை நாலு வேளையாப் பிரிச்சுக் கொடுங்க, வயித்தை முட்ட விடாதீங்க. 10–14 நாள்ல தையல் பிரிக்கலாம். மெத்துனு நீர் கோத்த வீக்கம் வரும், அதைப் பிதுக்காதீங்க. ஆபரேஷன் நாள் வர்றதுக்குள்ள வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாம, கன்னு வயித்தை உதைச்சுக்கிட்டு சாணி போடாம நின்னா, ராத்திரியானாலும் உடனே தூக்கிட்டு ஓடுங்க.

பதில் 1:
சினை ஊசிச் சீட்டுல காளை நம்பர் இருக்கும்ணா. இது பரம்பரையா வரலாம், அடுத்த ஈத்துக்கு அந்தக் காளை வேண்டாம்.