பழைய ஆட்டோமேட்டிக் வண்டியும் வினிபெக் குளிரும்: பார்க்கா, நியூட்ரலா?

கனடாவின் வினிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி என்பது சாதாரணம். மைனஸ் 35 வரை இறங்கும் நாள்களும் உண்டு. அதனால்தான் இங்குள்ள வண்டிகளின் முகப்பில், என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் மின்கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். இரவில் அதைச் செருகி வைத்தால் காலையில் என்ஜின் முரண்டு பிடிக்காமல் கிளம்பிவிடும். ஆனால் அந்தச் சூட்டினால் கியர்பாக்ஸுக்குப் பெரிதாகப் பயன் ஏதும் இல்லை. நான் வைத்திருக்கும் 1990களின் பிக்கப்பை அந்தக் குளிரில் முன்னோக்கி ஓட்டும் 'டி'-க்கு மாற்றினால், ஓரிரு நொடிகள் ஒன்றும் நடக்காமல் இருந்து, பிறகு ஓர் உலுக்கலோடு நகரும். கெட்டிப்பட்ட எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி, கிளட்ச் தட்டுகளை இறுக்கும் அளவுக்கு அழுத்தம் எழுப்புவதற்குள் அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது.

வண்டி நகராமல் பூட்டும் பார்க்கிலேயே நிறுத்தி என்ஜினை வெகுநேரம் ஓடவிட்டால் எல்லாம் சூடாகிவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பழைய வண்டிகளில் கியர் எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் குழாய் வழியாகச் சென்று திரும்புகிறது. என்ஜின் சூடேறும் வரை, ரேடியேட்டருக்குச் சூடான நீரை விடும் தெர்மோஸ்டாட் மூடியே இருப்பதால், ரேடியேட்டரிலிருந்து எண்ணெய்க்குக் கிடைக்க அங்கே சூடே இருக்காது. என் வண்டியின் கியர்பாக்ஸ் 1956இல் வந்த கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் வம்சத்தைச் சேர்ந்தது. அந்த வம்சத்தின் பல வகைகளில் பார்க்கில் இருக்கும்போது, என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்கு எண்ணெய் போவதே இல்லை. எந்தக் கியரும் விழாத நியூட்ரலுக்கு வந்தால்தான் எண்ணெய் ஓட்டம் தொடங்கும்.

இதை எனக்குச் சொன்னவர் இங்குள்ள வயதான மெக்கானிக் ஒருவர். அதற்கு முன் நான் போன பட்டறையிலோ, அந்த உலுக்கலைக் கேட்ட மாத்திரத்தில் கியர்பாக்ஸையே கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது காலையில் கைப்பிரேக்கை இழுத்து, காலையும் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, சில நிமிடங்கள் நியூட்ரலில் ஓடவிடுகிறேன். அதன் பிறகு 'டி'-க்கு மாற்றும்போது அந்த உலுக்கல் பெரும்பாலும் இருப்பதில்லை. நியூட்ரலில் விட்டுவிட்டுக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட இறங்குவது மட்டும் கூடவே கூடாது. இரவு முழுவதும் கைப்பிரேக்கைப் போட்டு வைத்தால் ஈரம் புகுந்த கேபிள் உறைந்து சக்கரம் விடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே சமதளத்தில் இரவுக்குப் பார்க் மட்டுமே போதும்.

கியர்பாக்ஸ் உண்மையில் சூடாவது ஓட்டும்போதுதான். முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தே போகிறேன். எண்ணெய் சூடேறும் வரை, என்ஜின் வேகத்தைக் குறைக்கும் உயர் கியரான ஓவர்டிரைவ் விழாமல் என்ஜின் சற்று இரைந்தபடியே ஓடும். பல வண்டிகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பதால் அதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை.

எண்ணெய் அளவை மட்டும் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகே பாருங்கள். குளிர்ந்த எண்ணெய் சுருங்கி அளவுகோலில் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் சூடேறும்போது அளவு மிஞ்சி நுரைக்கும். மற்ற பெரும்பாலான வண்டிகளில் பார்க்கில் வைத்துப் பார்க்கும் இந்த அளவை, டார்க்ஃபிளைட் வம்சத்தில் என்ஜின் ஓடும்போது நியூட்ரலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றும் வேளை வந்தபோது பழைய ஏடிஎஃப்+3 வகைக்குப் பதிலாகச் செயற்கை எண்ணெயான ஏடிஎஃப்+4 ஊற்றினேன். கடுங்குளிரிலும் அது இளகி ஓடுவதால் இப்போது நியூட்ரலில் காத்திருக்கும் நேரமும் குறைந்திருக்கிறது.