புதுப்பிப்பு: அம்பாசடர் பின்பக்க லீஃப் ஸ்பிரிங், கீச்சுக்குக் காரணம் கிடைத்தது

லீஃப் ஸ்பிரிங்குக்கு (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) புது ரப்பர் புஷ், அதாவது முனைகளில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உருளை, போட்டும் என் அம்பாசடர் காரின் பின்பக்கம் கீச்சிடுகிறது, வண்டியும் கொஞ்சம் தூக்கி நிற்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி ஆக்சில் (சக்கர அச்சு) தொங்கும்போதே ஸ்பிரிங்கின் முன் போல்ட்டையும் ஷேக்கிளையும் (பின்முனையை வண்டியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) முழுசாக இறுக்கியதுதான். புஷ் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். வண்டி இறங்கி ஸ்பிரிங் நிமிரும்போது ரப்பர் முறுக்கேறும், நாளடைவில் கிழியும்.

போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டியபின் இறுக்கவும். அதற்கு முன்பே சென்டர் போல்ட் (ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோர்க்கும் போல்ட்) தலை ஆக்சில் இருக்கைக் குழியில் உட்கார்ந்ததா பாருங்கள். தவறினால் ஆக்சில் கோணி, வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் நான்கும் புதுசு போடுங்கள், பழசு ஏற்கெனவே இழுபட்டிருக்கும். இறுக்குவது குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக. கொஞ்ச தூரம் ஓட்டியதும் (நான் வேலந்தாவளத்திலிருந்து பாலக்காடு போய்வந்தேன்) இன்னொரு முறை இறுக்குங்கள். ஸ்பிரிங் பட்டைகள் படிந்து நட் தளர்ந்திருக்கும்.

ரப்பரில் கிரீஸ் தடவாதீர்கள், ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ஆக்சிலைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடவே கூடாது.