செர்ரி இறால் ஓடு கழட்டும்போது சாகுது, கழுத்துல வெள்ளை வளையம் - உதவி தேவை

வெள்ளாறு:
கண்ணாடித் தொட்டில செர்ரி இறால் (அழகுக்கு வளர்க்கிற குட்டிச் சிவப்பு இறால்) வெச்சிருக்கேன். தண்ணி மாத்துன ஒண்ணு ரெண்டு நாள்ல சிலது செத்துக் கிடக்குது. சாகறதுக்கு முன்னாடி தலை ஓட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல சுத்தி வெள்ளையா பட்டை தெரியுது. சிலது பக்கவாட்டுல படுத்துக்கிட்டு காலை மட்டும் ஆட்டுது. மீன் எதுவும் இல்ல. தண்ணி செக் பண்ணிட்டேன், ஓகேதான். என்ன மருந்து போடலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ரோ.

செம்பாசி:
தண்ணி ஓகேன்னா நம்பர் என்ன? ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை), டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட மொத்த அளவு), பிஹெச் எல்லாம் தனித்தனியா வேணும். தொட்டி எவ்வளவு பெருசு, தண்ணி எங்கிருந்து வருது, ஒரு தடவைக்கு எவ்வளவு மாத்துறீங்க, வெப்பநிலை என்ன? அதுவரைக்கும் மருந்து எதுவும் போடாதீங்க. மீன் மருந்துல பலதுல காப்பர் இருக்கும், மிச்சம் இருக்கிற இறாலும் போயிடும்.

குளத்துமேடு:
அந்த ரூம்ல லிக்விட் கொசுவிரட்டி போடுறீங்களா? அதுல இருக்கிற பைரெத்ராய்டுங்கற பூச்சிக்கொல்லி இறாலுக்கு விஷம். ஏர் பம்ப் ரூம் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ள விடுது. முதல்ல அதை நிறுத்துங்க.

ரெட்_ரிலி:
சாப்பாடு என்ன போடுறீங்க? புரோட்டீன் அதிகமானா உடம்பு வேகமா வளரும், புது ஓடு தயாராகறதுக்கு முன்னாடியே பழசு வெடிச்சிடும்னு சொல்றாங்க. பெல்லட் தீனியைக் குறைச்சு, வாரம் ரெண்டு நாள் முருங்கைக் கீரையைக் கொதிதண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்துக் கொடுங்க. பாலக் வேண்டாம், அதுல இருக்கிற ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுடும்.

நன்னீர்_நாதன்:
இந்தக் கேள்வி மாசம் ஒரு தடவை வருது. இங்க இருக்கிற பழைய பதிவுகளைப் படிச்சிட்டு வந்திருந்தா இத்தனை பேர் ஊகம் பண்ண வேண்டியிருக்காது. குளத்துமேடு, கொசுவிரட்டி விஷம்னா ஒரே நாள்ல பாதி இறால் துள்ளித் துள்ளிச் சாகும், கழுத்துல வளையம் வராது. இது மோல்ட் சிக்கல், அதாவது ஓடு கழட்டறதுல வர்ற சிக்கல்.

அடிப்படையைச் சொல்றேன், கவனிங்க. நல்லா நடக்கிற மோல்ட்ல தலை ஓடும் வயித்து ஓடும் சேர்ற இடத்துல, முதுகுப் பக்கம் மட்டும் பிளக்கும். அந்தப் பிளவு வழியா இறால் முதல்ல தலைப்பக்கத்தை வெளியே இழுக்கும், அப்புறம் ஒரே உதறல்ல வாலும் வந்துடும். வளையம் வர்ற இறால்ல பிளவு உடம்பைச் சுத்திப் போயிடுது. பிடிமானம் இல்லாததால தலைப்பக்க ஓட்டைத் தள்ள முடியாது, செவுள் உள்ளேயே மாட்டிக்கும். முதுகுல மட்டும் மெல்லிய கோடு தெரிஞ்சா பயப்பட வேண்டாம், அது கழட்டத் தயாராகுதுன்னு அர்த்தம். முழு வளையம் வந்தது பெரும்பாலும் பிழைக்காது. இடுக்கி வெச்சு இழுக்காதீங்க, கால் பிஞ்சு வந்துடும்.

வெள்ளாறு:
2 அடி தொட்டி, 45 லிட்டர் இருக்கும். கேன் தண்ணி. வாரம் பாதி மாத்துறேன். டிடிஎஸ் 210, பிஹெச் 7.2. வெப்பம் 29. ஜிஹெச் கிட் இல்ல, டிடிஎஸ் பேனா மட்டும்தான். கொசுவிரட்டி போடுறதில்ல.

செம்பாசி:
கேன் தண்ணி 40, 50தானே காட்டும்? பாதி மாத்துனா தொட்டி எப்படி 210ல நிக்குது? தண்ணில என்ன கலக்குறீங்க?

வெள்ளாறு:
கல்லுப்பு. வாங்குன கடைல சொன்னாங்க, பேனா 200 காட்டற வரைக்கும் போடணும்னு. தண்ணி மாத்திட்டு தொட்டிலயே போட்டுடுவேன்.

செம்பாசி:
அங்கேதான் சிக்கல். டிடிஎஸ் பேனா எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், எந்த உப்புன்னு பிரிச்சுச் சொல்லாது. கல்லுப்பு சோடியம் குளோரைடு. ஓடு கட்டத் தேவை கால்சியமும் மெக்னீசியமும். அந்த ரெண்டைத்தான் ஜிஹெச் அளக்குது. பேனா 210 காட்டும்போதே ஜிஹெச் 2 கூட இல்லாம இருக்கலாம்.

ரெண்டாவது, பாதி மாத்தின உடனே தொட்டி டிடிஎஸ் 210லிருந்து 130க்கு விழுது. வெளித்தண்ணி திடீர்னு நீர்த்துப்போனா உடம்புக்குள்ள தண்ணி ஏறும், ஓடு அழுத்தத்துல பிளக்கும். உள்ளே புது ஓடு தயாரா இருக்காது. அப்புறம் உப்பு போட்டதும் மறுபடி ஏறுது. தண்ணி மாத்தின மறுநாளே சாகறதுக்குக் காரணம் இதுதான்.

செர்ரிக்கு ஜிஹெச் 6-8, கேஹெச் 2-5, டிடிஎஸ் 150-250 போதும். சொட்டுக் கிட் ஒண்ணு வாங்குங்க, காகிதப் பட்டை வேண்டாம். 5 மில்லி தண்ணில ஒரு சொட்டு ஒரு டிகிரி கடினத்தன்மை, ஜிஹெச்சுக்கு ஆரஞ்சு பச்சையாகற சொட்டுல நிறுத்தணும்.

ஜிஹெச் 2ன்னு வந்தா: 45 லிட்டருக்கு ஒரு டிகிரி ஏத்த ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 1.4 கிராம், இல்ல எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) 2 கிராம். ஜிப்சம் மூணு தடவை, எப்சம் ஒரு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு நாள் இடைவெளி விடுங்க. ஜிப்சம் லேசுல கரையாது. ஒரு லிட்டர் தொட்டித் தண்ணில போட்டு நல்லா கலக்கி, தெளிஞ்சதும் ஏர் டியூப்ல முடிச்சுப் போட்டு சொட்டுச் சொட்டா இறக்குங்க. பேனா 300ஐ நெருங்கும், பரவாயில்ல. கல்லுப்பை இன்னையோட நிறுத்துங்க, தண்ணி மாத்த மாத்த அது தானா குறையும்.

இனிமே வாரம் 10 சதவீதம்தான். மாத்துற தண்ணியை முன்னாடியே தயார் பண்ணணும்: 10 லிட்டர் கேன் தண்ணிக்கு ஜிப்சம் 1.4 கிராம், எப்சம் 0.7, கேஹெச்சுக்கு சமையல் சோடா 0.7. ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் ஓடட்டும். நகை எடை பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு இல்லாம இதைச் செய்யாதீங்க, ஸ்பூன் கணக்கு சரிவராது. ஆவியாகிப் போற தண்ணிக்கு மட்டும் வெறும் கேன் தண்ணி ஊத்துங்க. உப்பு ஆவியாகாது, கலந்ததையே ஊத்திட்டு வந்தா ஜிஹெச் ஏறிக்கிட்டே போகும்.

குளத்துமேடு:
இவ்வளவு கணக்கு எதுக்கு? நாட்டு மருந்துக் கடைல கடல்நுரை கிடைக்கும், கணவாய் ஓடுதான். ஒரு துண்டு போட்டா தானா கால்சியம் கரையும், தேவைக்கு மேல கரையாது. கூட ஒரு நாட்டு வாதுமை இலையும் போடுங்க.

நன்னீர்_நாதன்:
கால்சியம் கார்பனேட் பத்தி உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? காத்தோட சமநிலைக்கு வந்த தண்ணில அது சுமார் 3 டிகிரி வரைக்கும்தான் கரையும். பிஹெச் ஏற ஏற கரையறதே நின்னுடும். அதுவும் வாரக்கணக்கு ஆகும். மெக்னீசியம் சொல்லிக்கிற அளவுக்கு வராது.

குளத்துமேடு:
தொட்டித் தண்ணில கரியமில வாயு காத்துல இருக்கிறதை விட அதிகம் சார், அதனால கொஞ்சம் கூடக் கரையும். இறால் ஓட்டு மேல உட்கார்ந்து சுரண்டித் தின்னுது, அதை நீங்க கணக்குல எடுக்கல.

நன்னீர்_நாதன்:
சுரண்டறது அதுல படர்ற பாசிக்காக. ஓடு கழட்டினதும் இழந்த கால்சியத்துல பெரும்பங்கைச் செவுள் வழியா தண்ணிலேர்ந்துதான் எடுக்குது. தண்ணில இல்லன்னா தட்டுல வெச்சு பிரயோஜனம் இல்ல.

ரெட்_ரிலி:
கழட்டிப் போட்ட ஓட்டை எடுத்துடாதீங்க ப்ரோ, அதையே தின்னும். கண்ணாடி மாதிரி வெறுமையா இருந்தா ஓடு, வெளிறிச் சிவந்து உள்ளே சதை தெரிஞ்சா செத்தது. அதை உடனே எடுத்துடுங்க. முருங்கைக் கீரை நான் சொன்னது சொன்னதுதான், ஆனா மருந்தடிக்காத வீட்டு மரத்துக் கீரையா இருக்கணும்.

செம்பாசி:
கடல்நுரை கிடக்கட்டும், கெடுதல் இல்ல. ஆனா ஜிஹெச் 2ல நிக்கிற தொட்டியை அதை நம்பி விட முடியாது. வெள்ளாறு, 29 டிகிரின்னா மோல்ட் அடிக்கடி வரும், ஒவ்வொரு தடவையும் ஆபத்து. மேல சின்ன ஃபேன் வெச்சா 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகறது கூடும், தினமும் மட்டம் பாருங்க.

வெள்ளாறு:
கிட் வந்துச்சு. ஜிஹெச் 2, கேஹெச் 1. எப்சம் மெடிக்கல்ல கிடைச்சுது, ஜிப்சம் வர நாலு நாள் ஆகும். இப்பவே எப்சம் போட்டுடவா?

செம்பாசி:
வேண்டாம், முதல்ல கால்சியம்தான். ஜிப்சம் வர்ற வரைக்கும் தண்ணி மாத்தாதீங்க, தீனியைப் பாதியாக்குங்க. வர்றது உரக்கடை ஜிப்சமா இருந்தா திருப்பி அனுப்புங்க, டோஃபு செய்யற உணவுத்தர ஜிப்சம் இல்ல லேப் கிரேடுதான் வேணும்.

வெள்ளாறு:
சரி. லேப் கிரேடுதான் போட்டிருக்கேன்.