செம்பனைத் தோட்டத்தில் நாட்டுப் புல்லை அடையாளம் காண எங்கே தொடங்குவது?

சிப்புட்காரன்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். சாயங்காலம் தோட்டத்து மண்சாலையில் நடப்பது வழக்கம். மரங்களும் பறவைகளும் ஓரளவு தெரியும். புல் என்று வந்தால் லாலானோடும் அறுகம்புல்லோடும் நின்றுவிடுகிறது. அந்த அறுகிலும் சந்தேகம்தான். பிள்ளையாருக்குப் பறித்து வர அம்மா அனுப்பினால், விரல் விரித்த மாதிரி கதிர் விடும் இன்னொரு புல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் வருகிறது. இந்த மண்ணின் புற்களை நேரில் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். யாராவது வழிகாட்டுங்கள்.

லயத்து அக்கா:
தம்பி, நான் தோட்டத்தில் களை வேலை பார்த்தவள், முதுகில் மருந்து பம்பு சுமந்தவள். எது எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய வேண்டும், அதனால் புல் பழகியது. இன்றைக்கு அதைச் சாகடிக்க இல்லாமல் தெரிந்துகொள்ள ஒருவர் கேட்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

முதலில் அது புல்தானா என்று பாருங்கள். தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படுகிறதா? அது கோரை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணு இருக்கும், இலைகள் இரண்டே வரிசையில் ஏறும்.

அப்புறம் இலையைப் பின்னால் வளைத்து, அது தண்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். பத்து மடங்கு காட்டும் சின்ன லென்ஸ் போதும். அங்கே மெல்லிய சவ்வோ முடி வரிசையோ இருக்கும். மேலிருந்து எடுக்கும் படத்தில் இது விழாது, செயலி தடுமாறுவது அதனால்தான். அறுகில் இருப்பது முடி. உங்கள் சந்தேகப் புல்லில் குட்டைச் சவ்வு இருந்தால் அது மலாயில் ரும்புட் (புல்) சம்பாவ் என்பது, கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. அடித்தண்டு தட்டையாக வெளுத்திருக்கும், கொத்தாக நிற்கும், பிடுங்கினால் லேசில் வராது. கதிர் தடிமன். ஒரு கதிர் மட்டும் சற்றுக் கீழே தள்ளி முளைப்பதும் உண்டு. அறுகு தரையோடு ஓடும். மெலிந்த கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் கிளம்பும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத சம்பாவ் நம் நாட்டில் 1997-லேயே கண்டறியப்பட்டது. மருந்தடித்த இடத்தில் தனியாகப் பச்சை நின்றால் நான் முதலில் நினைப்பது அதைத்தான்.

நாட்டுப் புல் வேண்டுமென்றால் சாலையோரத்தை விட்டு நிழலுக்குள் போங்கள். ரப்பர் பிரேசிலிலிருந்தும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. ஆனால் அவற்றின் நிழலில் படரும் ஒட்டோகுளோவா நோடோசா நம் பக்கத்துப் புல். மெல்லிய தண்டு, கிளை விரித்த பூங்கொத்து. ஓலை அடுக்கிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், நாகம் இருக்கும்.

கங்சார் வாத்தியார்:
அக்கா சொன்ன முறை அருமை. ஆனால் வெயிலில் நாட்டுப் புல் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லாலானே நாட்டுப் புல்தான். இலையின் வெள்ளை நடுநரம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அதை வைத்துப் பூ இல்லாமலே சொல்லிவிடலாம். நிழல் விழுந்தால் அது போய்விடும். மிதிபட்ட காய்ந்த தரையில் செந்நிறக் கதிரோடு கெமுஞ்சுப் என்ற புல் நிற்கும், அதன் காய்தான் கால்சட்டையில் குத்தி ஏறுவது. வெட்டிவேரும் அதே பேரினம்.

திடலில் பச்சையாகப் பரந்திருக்கும் கவ் கிராஸ் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது, இலை நுனி மழுங்கியிருக்கும். ரும்புட் கெர்பாவும் அங்கிருந்து வந்ததுதான், உச்சியில் இரண்டே கதிர் எதிரெதிராக விரியும்.

சிப்புட்காரன்:
மிக்க நன்றி அக்கா, ஐயா. சம்பாவ் உறுதியாகிவிட்டது, சவ்வுதான். ஓடைப் பக்கத்து நிழலில் இன்னொன்று பார்த்தேன். அகலமான இலை, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகளுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். காய் துணியில் ஒட்டுகிறது.

லயத்து அக்கா:
குறுக்குக் கோடும் ஒட்டும் காயும் சேர்ந்தால் சென்டோதீகா லப்பேசியாவாக இருக்க வேண்டும். நாட்டுப் புல்தான் தம்பி, நல்ல இடத்தில் பார்த்திருக்கிறீர்கள். பூவோடும் வேரோடும் ஒன்றே ஒன்று எடுத்து, பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்துங்கள். இடம், தேதி, நிழலா வெயிலா என்று பென்சிலில் எழுதுங்கள். பூவின் நிறத்தையும் எழுதுங்கள், காய்ந்தால் மாறிவிடும். அந்தப் பக்கம் எந்த வாரம் மருந்தடிக்கிறார்கள் என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) கேட்டுவிட்டு, அதற்கு முன்னால் போய் வாருங்கள். ஓடைக்கரையை விட்டு அடிக்கச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள்.