அப்பாவுக்கு விவசாய ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும்: செல்மா, கிங்ஸ்பர்க் பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா?

சுருளிக்கரை:
வணக்கம். நான் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறேன். அப்பா ஆகஸ்ட் கடைசியில் வருகிறார், ஆறு வாரம் இருப்பார். 68 வயது. கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை. நாற்பது வருஷமாக அந்தப் பந்தலுக்குக் கீழேதான் அவருடைய வாழ்க்கை.

போன தடவை வந்தபோது கோல்டன் கேட் பாலம், யோசெமிட்டி அருவி, கடற்கரை எல்லாம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று ஒன்றுதான் கேட்டார்: "இங்க வெள்ளாமை பண்றவங்க எங்கப்பா இருக்காங்க?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து வருஷமாக இந்த மாநிலத்தில் சாப்பிடுகிறேன், அது எங்கே விளைகிறது என்று ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் கேட்டார். கடையில் வாங்கி வைத்திருந்த காய்ந்த திராட்சையை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலயும் காம்பு இல்லையே, எப்படி எடுக்கிறாங்க?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

வரைபடத்தில் பார்த்தால் ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே செல்மா, கிங்ஸ்பர்க், ரீட்லி என்று சின்னச் சின்ன ஊர்களாக இருக்கின்றன. எந்த ஊருக்குப் போகலாம், எப்போது போகலாம், தோட்டத்துக்குள் இறங்க விடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்_ஃப்ரீமான்ட்:
ஒயின் திராட்சைக்குப் பேர்போன நாபாவுக்கு அழைத்துப் போங்கள். உங்கள் இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தோட்டமெல்லாம் அழகாக இருக்கும், சுற்றிக் காட்ட ஆள் இருப்பார்கள், நிழலில் உட்காரலாம். ஃப்ரெஸ்னோ பக்கம் செப்டம்பர் வெயில் பெரியவருக்கு ஆகாது.

கரிசல்மழை:
தம்பி, ராம் சொல்வது அக்கறையான பேச்சுதான். வெயில் உண்மை, 38, 40 டிகிரி போகும். ஆனால் உங்கள் அப்பா கேட்டது தோட்டத்தின் அழகை இல்லையே, வெள்ளாமை பண்றவங்களை. அதற்கு இங்கேதான் வர வேண்டும்.

நான் ஃப்ரெஸ்னோவில் 14 வருஷமாக இருக்கிறேன். செல்மா பக்கம் உலர் திராட்சை சுத்தம் செய்து பெட்டி கட்டும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேதி. ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள் வாருங்கள். வருஷத்தில் அந்தச் சில நாட்களில்தான் திராட்சை கொடியிலிருந்து தரைக்கு இறங்கும். தெற்கே 101 நெடுஞ்சாலையைப் பிடித்து, கில்ராயில் 152-க்குத் திரும்பி, பச்சேகோ கணவாய் ஏறி இறங்கினால் பள்ளத்தாக்கு. அப்புறம் 99-இல் ஃப்ரெஸ்னோவைத் தாண்டி 15 மைலில் செல்மா. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி விடுங்கள். 7 மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருக்க வேண்டும், பறிப்பவர்கள் விடியும்போதே தொடங்கிவிடுவார்கள். 11 மணிக்கு அப்பாவை நிழலுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

99-இலேயே ஓட்டினால் பெட்ரோல் பங்க்கும் கிடங்கும்தான் தெரியும். செல்மாவில் இறங்கி, கிழக்கே போகிற சின்ன ரோடுகளில் மெதுவாக ஓட்டுங்கள். கொடி வரிசைகள் கிழக்கு மேற்காக ஓடும். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள மண்ணைத் தெற்குப் பார்த்த சரிவாக, களத்துமேடு மாதிரி இழைத்து வைத்திருப்பார்கள். அதன்மேல் பழுப்புத் தாளை விரித்து, வெட்டின குலைகளை அப்படியே பரப்புவார்கள். நாள் முழுக்க வெயில் தாளின்மேல் விழ வேண்டும், அதற்குத்தான் அந்தத் திசை, அந்தச் சரிவு. இரண்டு, மூன்று வாரம் கிடந்து காயும். நடுவில் ஒரு தடவை புரட்டுவார்கள். காய்ந்ததும் தாளோடு சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அங்கேயே வைத்திருந்து, பிறகு பெட்டியில் கொட்டி அள்ளிப் போவார்கள். நாலு பவுண்டுக்கு மேல் பழம் காய்ந்தால்தான் ஒரு பவுண்டு கிஸ்மிஸ்.

அப்பாவின் காம்புக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வேலையில் பாதி அதுதான். குலையோடுதான் காயும், காம்போடுதான் ஆலைக்கு வரும். பெரிய காம்பை முதலில் உதிர்த்து, சல்லடையிலும் காற்றிலும் பிரித்துவிடுவோம். பழத்தின் தலையில் ஒட்டியிருக்கிற குட்டிக் காம்புதான் கஷ்டம். அதைச் சுழலும் கூம்புக்குள் விட்டு, சொரசொரப்பான சுவரில் உரசி எடுக்கிறோம். அதற்குப் பழம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 16 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லாரியை உள்ளே எடுப்பதே இல்லை. கழுவுவது அதற்கு அப்புறம்தான்.

இந்த மூன்று வாரமும் இங்கே எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். ஒரு வருஷத்து உழைப்பு முழுக்கத் தரையில் கிடக்கிறது. செப்டம்பரில் ஒரே ஒரு மழை போதும். பூஞ்சை ஒரு பக்கம். அதைவிட மோசம், துளி விழுந்து தெறிக்கிற மணல் பழத்தின் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு மழை. ஒரு விவசாயி ஒரு தாள் பழத்தை மடியில் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கழுவி, வடிகட்டி, அடியில் தங்கின மணலை எடுத்துக் காட்டினேன். அந்தத் தட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் செப்டம்பரில் மேகம் கண்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

கொடி குறைந்துகொண்டே வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். நான் வந்தபோது கொடியாக இருந்த பல இடங்களில் இன்று பாதாம் நிற்கிறது. பாதாமை இயந்திரம் உலுக்கும், இயந்திரமே கூட்டி அள்ளும். திராட்சைக்குக் கை வேண்டும். கொடியிலேயே காயவிட்டு இயந்திரத்தால் பறிக்கிற புது ரகங்களும் வந்துவிட்டன, அதில் ஒன்றுக்கு செல்மா பீட் என்று இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். தரையில் தாள் விரித்துக் காயவைப்பதை அப்பா இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே விடுவார்களா என்று கேட்டீர்கள். கேட்காமல் இறங்காதீர்கள். வீட்டு வாசலிலோ டிராக்டர் பக்கத்திலோ ஆள் இருந்தால் போய், "இவர் என் அப்பா, ஊரில் திராட்சை விவசாயி" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும். இங்கே நிறையத் தோட்டம் பஞ்சாபிக் குடும்பங்களுடையது, செல்மாவில் குருத்வாராவும் இருக்கிறது. ஆர்மேனியர்கள், ஜப்பானியர்கள் வழி வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இதே பயிரில் இருக்கிறார்கள்.

சுருளிக்கரை:
அக்கா, படித்ததும் அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "தரையிலயா? மண்ணுலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மீதி நேரத்தில் என்ன பார்க்கலாம்?

கரிசல்மழை:
கிங்ஸ்பர்க்கில் தங்குங்கள், செல்மாவிலிருந்து ஐந்து மைல்தான். ஸ்வீடன்காரர்கள் குடியேறின ஊர். தண்ணீர்த் தொட்டியையே காப்பிக் கூஜா வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் கிங்ஸ் ஆற்றுப் பக்கம் ஒரு நடை போங்கள். சியரா மலைப் பனி உருகி, பைன் ஃபிளாட் அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே இந்தத் தோட்டங்களுக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் பிழைத்தவருக்கு அந்த வாய்க்காலைப் பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும். பனி குறைந்த வருஷங்களில் ஆழ்துளைக் கிணறுதான் கதி. அதற்கும் 2014-இல் ஒரு சட்டம் வந்துவிட்டது, 2040-களின் தொடக்கத்துக்குள் எடுக்கிற நீரும் ஊறுகிற நீரும் சமமாக வேண்டும் என்று. எந்தத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

பேக்கர்ஸ்ஃபீல்டு_செல்வம்:
மூன்று நாள் என்றால் ஒரு நாள் டெலானோவுக்கு வாருங்கள். கிங்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம். அங்கே விளைவது கடையில் கொத்தாக விற்கிற பழம். அக்கா தோட்டக்காரர்களைப் பற்றி அருமையாக எழுதிவிட்டார். பறிக்கிறவர்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் தோட்டத்துக்கு வேலைக்குப் போக மறுத்தார்கள். மணிக்கு 1 டாலர் 40 சென்ட், பெட்டிக்கு 25 சென்ட், அதுதான் அவர்கள் கேட்டது. முன்னால் நின்றவர் லாரி இட்லியோங். ஒரு வாரம் கழித்து, சீசர் சாவேஸும் டொலோரஸ் உவேர்ட்டாவும் கட்டியெழுப்பிய சங்கத்தின் மெக்சிகோ வழித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருஷம். நாடு முழுக்க ஜனங்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970 ஜூலையில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஊருக்கு மேற்கே நாற்பது ஏக்கர் என்றே பெயர் வைத்த சங்க வளாகம் இருக்கிறது. அங்கே அக்பயானி கிராமம் என்று ஒரு நீளமான கட்டடம். முதலில் வேலையை நிறுத்தின பிலிப்பைன்ஸ்காரர்களில் பலருக்குக் குடும்பமே அமையவில்லை. பெண்கள் அதிகம் வரவில்லை, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள 1948 வரை இந்த மாநிலச் சட்டமே விடவில்லை. வயதாகி வேலையும் போய், இருக்க இடமில்லாமல் நின்றார்கள். அவர்களுக்காக 1974-இல் தொண்டர்கள் சேர்ந்து கட்டினது அது. மனோங் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம்.

கல்லூரி படிக்கிற காலத்தில் லீவில் நான் இரண்டு கோடை பெட்டி அடுக்குகிற கொட்டகையில் வேலை பார்த்தவன். சுவரில் நிழல், தண்ணீர், ஓய்வு என்று ஸ்பானிஷில் எழுதி ஒட்டியிருந்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அதையெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2005-இல்தான் இங்கே விதி வந்தது. அதற்கு முன்னால் அந்த வெயிலில் எப்படி நின்றிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

சுருளிக்கரை:
போய்விட்டு வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் நாள் காலை செல்மாவுக்குக் கிழக்கே ஒரு வீட்டில் கேட்டோம். அக்கா சொன்ன அதே வரி. தலைப்பாகை கட்டின பெரியவர், அப்பாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கொடியைக் கழிக்கிற கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு நடந்தார்.

கொடி நெஞ்சு உயரத்தில் கம்பியில் படர்ந்திருந்தது. அப்பா முதலில் பார்த்தது அதைத்தான். நம் பந்தலில் அண்ணாந்து வெட்ட வேண்டும், இங்கே குனிய வேண்டும். ஒரு அம்மா முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, கொக்கி மாதிரி வளைந்த கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். இலைக்குள் கை போகும், தொட்டியில் குலை விழும். தொட்டி நிறைந்ததும் தாளில் கவிழ்த்து, கையாலேயே ஒரே கனமாகப் பரப்பிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவார். ஒரு தாளுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கூலி தாளுக்கு இவ்வளவு என்று. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல பழம் ஒண்ணு நசுங்கினா வியாபாரி விலைய குறைப்பான். அதுக்காக கத்திரியில நிதானமா வெட்டுவோம். இந்தம்மா வேகத்துக்கு நம்மால ஆகாது" என்றார். அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் கத்தியைத் தொட்டியில் வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

பக்கத்து வரிசையில் பத்து நாளுக்கு முன்னால் போட்ட தாள்கள். பெரியவர் ஒரு பிடி அள்ளி இறுக்கிக் கசக்கி, கையை விரித்தார். பழம் மெல்லப் பிரிந்து விலகியது, விரலில் கொஞ்சம் சாறு ஒட்டியிருந்தது. இன்னும் காய வேண்டும் என்று தலையாட்டிவிட்டு, அப்பா கையிலும் ஒரு பிடி வைத்தார். அப்பா கசக்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார். "எத்தனை வெள்ளாமை?" என்று கேட்கச் சொன்னார். வருஷத்துக்கு ஒன்று என்றதும் நம்பவே இல்லை. கம்பத்தில் கவாத்து செய்த நாளை வைத்து வருஷத்துக்கு இரண்டு, மூன்று அறுப்பு எடுக்கிறவர். "அந்த ஒண்ணையும் தரையில போட்டுட்டு வானத்தைப் பாக்குறாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

டெலானோவுக்கும் போனோம், செல்வம். அக்பயானி கிராமத்து வராந்தாவில் அப்பா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணமே இல்லாமல் கிழவனானவர்கள் என்று நான் சொன்னதிலிருந்து வேறு எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது செல்மா பெரியவர் காம்போடு காய்ந்த குலை ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். போன வருஷத்துக் குலை, வீட்டில் வைத்திருந்தது. இப்போது அது எங்கள் சமையலறை மேசையில் இருக்கிறது. பக்கத்தில் கடைப் பழத்தையும் கொட்டி, காம்பு இருந்த இடத்துக் குழியை அப்பா எனக்குக் காட்டினார்.

நேற்று இங்கே சன்னிவேலில் காலையிலேயே மேகம் மூடிவிட்டது. காப்பி குடிக்கும் முன்னாலேயே, "செல்மாவுல எப்படி இருக்குன்னு பாரு" என்றார். இன்றும் கேட்டார். அக்கா, அங்கே எப்படி இருக்கிறது?

கரிசல்மழை:
வெயில்தான் தம்பி, மழை இல்லை. இன்று காலை எங்களுக்கு முதல் லாரி வந்தது, ஈரம் 12 சதவீதம். அப்பாவிடம் சொல்லுங்கள்.