புதுப்பிப்பு: அம்மாவோடு காரங்காடு போய் வந்தாச்சு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நீச்சல் தெரியாத 58 வயசு அம்மாவை ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்குக் கயாக் (சின்னத் துடுப்புப் படகு), ஸ்நார்கலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடியே தண்ணிக்கடியில பார்க்கிறது) கூட்டிட்டுப் போகலாமான்னு. தைரியம் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன ஞாயிறு போனோம்.

காத்து கிளம்புறதுக்கு முன்னாடி காலையிலேயே இறங்கிட்டோம். இரட்டைக் கயாக்கில் அம்மா முன்னால, நான் பின்னால. அலையாத்திக் காட்டு ஓடைக்குள்ள துடுப்புச் சத்தம் தவிர ஒண்ணும் இல்லை. சேத்துல இருந்து விரல் விரலா நிமிர்ந்து நிக்கிற மூச்சுவேரை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

ஸ்நார்கலிங்தான் பயம். ஆழம் இடுப்பளவுதான், லைஃப் ஜாக்கெட்டும் உண்டு. வழிகாட்டியா வந்த மீனவ அண்ணன் கண்ணாடிக்குள்ள எச்சில் தடவி அலசி மாட்டிவிட்டார், கடைசி வரைக்கும் மங்கவே இல்லை. “அம்மா, காலை ஊனாதீங்க, புல்லு வேரோட வந்துரும்”னு அவர் சொன்னது மனசுல நிக்குது. அந்தக் கடல்புல்தான் ஆவுளியாங்கிற கடல்பசுவுக்குச் சாப்பாடு, நாளைக்கு 40 கிலோ வரை மேயும். பாக் விரிகுடாவில் அதுக்காகவே 2022-ல் 448 சதுர கி.மீ. காப்பகம் அறிவிச்சாங்க.

ஆவுளியா கண்ணுல படலை. புல்லுக்கு நடுவுல ஒரு நட்சத்திர மீன் இருந்துச்சு. அம்மா தலையைத் தூக்கவே மாட்டேன்னுட்டாங்க.

போறவங்க முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. மீசை இருந்தா கண்ணாடிக்குள்ள தண்ணி கசியும், முன்னாடியே அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.